நரி கீழே பார்க்கும் வரை

ஜனவரி 20, செவ்வாய்

கணக்கு டீச்சர் விடுப்பு. டிராயிங் டீச்சர் அருள்மணி எங்கள் எட்டாம் வகுப்பை ஸ்மார்ட் கிளாஸ் அறைக்குக் கூட்டிப்போய், "சத்தம் வந்துச்சு, கணக்கே போட வச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு ஒரு பழைய கார்ட்டூன் போட்டார்.

என் அம்மா அப்பா பிறப்பதற்கு முன்பே வரைந்ததாம். யாரும் பேசுவதில்லை. ஓர் ஆமை பேக்கரி வைத்திருக்கிறது. ஒரு நரிக்கு அதிலிருந்து ஒரே ஒரு பன் வேண்டும். கதை அவ்வளவுதான். நரிக்கு டை உண்டு, கால்சட்டை கிடையாது. கால்சட்டை இல்லாததால் காசு வைக்கப் பை இல்லை, அதனால்தான் திருட வருகிறது என்று நினைக்கிறேன். இதை உடனே சொல்ல வேண்டும் போல் இருந்தது. திரும்பினேன். பக்கத்தில் என் புத்தகப் பை உட்கார்ந்திருந்தது.

நரி மலையிலிருந்து விழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிட்டா மட்டும் சிரிக்கவில்லை. அவள் இப்போது கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். அவள் விருப்பம்.

விழுவதைப் பார்த்து மனிதர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று ஆராயப்போகிறேன். அறிவியல் ஆர்வம்தான் காரணம். வேறு காரணம் இல்லை.

ஜனவரி 21, புதன்

விதி ஒன்று: நரி மலை விளிம்பைத் தாண்டி ஓடினாலும் விழுவதில்லை. வெறும் காற்றில் நிற்கிறது. டையைச் சரிசெய்கிறது. பிறகு கீழே பார்க்கிறது. அப்போதுதான் விழுகிறது.

அறிவியல் டீச்சரிடம், "டீச்சர், ஒருத்தர் கீழ பாக்கலேன்னா புவியீர்ப்பு விசை சும்மா இருக்குமா?" என்று கேட்டேன்.

"செண்பகவல்லி, வெள்ளிக்கிழமை ரிவிஷன் டெஸ்ட். அதையும் நீ பாக்காம இருந்தா அது சும்மா இருக்கும்னு நெனைக்கியா?" என்றார்.

ஜனவரி 23, வெள்ளி

ஆண்டு விழாவுக்கு அந்தக் கார்ட்டூனையே பேச்சில்லாத நாடகமாகப் போடப்போகிறோம். அருள்மணி டீச்சரின் யோசனை. "பன்னெல்லாம் வேண்டாம். கோவில்பட்டியில இருந்துக்கிட்டு எதுக்குப் பன்னு? ஆமை கடலைமிட்டாய் போடட்டும்." எல்லோரும் கைதட்டினார்கள். ஆமையாக ஆறாம் வகுப்பு கோமதி. உருண்டையாக இருப்பாள், மெதுவாக நடப்பாள், நடிக்கவே வேண்டாம்.

"நரி யாரு?"

யாரும் கை தூக்கவில்லை. பொங்கல் லீவுக்கு முந்தின வாரம் பிரேயரில் ஜெனிட்டா மேடையில் விழுந்தாளே, அதிலிருந்து யாருக்கும் மேடையில் விழ ஆசை இல்லை. அவள் தினச்செய்தி வாசிக்க வந்தாள். மைக் வயர் காலில் மாட்டியது. இடது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு பிசகிவிட்டது. பள்ளிக்கூடமே சிரித்தது.

நான் கை தூக்கினேன். மற்றவர்கள் நரியைத் தப்பாகச் செய்துவிடுவார்கள்.

"இவளா? விழுறதுக்கு முன்னாடி முன்னுரை சொல்லுவாளே!" என்றாள் ஒருத்தி. "விழுந்தப்புறம் முடிவுரை" என்றாள் இன்னொருத்தி. நான் பேச்சுப்போட்டிக்காரி என்பதால் இந்தப் பொறாமை. நாடகம் முடிந்ததும் நன்றியுரையும் நான்தான்.

ஜெனிட்டாவின் அப்பா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். அதனால் சத்தங்கள் அவள் பொறுப்பு. "கட்டுக் கையோட முடியுமாம்மா?" என்று டீச்சர் கேட்டார். "ஊதுறதுக்கு வாயி போதும் டீச்சர்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

விழப் பழகினேன். மெத்தையைத் தரையில் விரித்து, நாற்காலியில் ஏறி நின்று, கீழே பார்த்து, விழுந்தேன். எத்தனை தடவை விழுந்தாலும் கை தானாக முன்னால் போகிறது. நரி கையை ஊன்றாது. பலகை மாதிரி விழும்.

ஒருவழியாகக் கையை மடக்கிக்கொண்டு விழுந்தபோது அம்மா உள்ளே வந்துவிட்டாள்.

"அய்யோ! ஏ செண்பகா! என்னட்டி ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, விழுந்தேன்."

"எதுல தடுக்கி?"

"எதுலயும் தடுக்கல. கீழ பாத்தேன், விழுந்தேன்."

அம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "வெளுத்துப்போயி கெடக்கு. எந்நேரமும் புஸ்தகம், புஸ்தகம். ஒடம்புல ரத்தமே இல்ல."

நாடகத்தில் நரியாக இருப்பதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா ஏற்கெனவே தெருவில் எல்லோரிடமும், "எம்மக இந்த வருசமும் மேடைல பேசுதா" என்று சொல்லிவிட்டாள். நன்றியுரை உண்டு என்பதால் அது பொய்யும் இல்லை. வால் இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

ஜனவரி 27, செவ்வாய்

இரும்புச்சத்து டானிக். ஆணியை ஊறவைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி

முதல் ஒத்திகை. பெஞ்சுதான் மலை. அதன் பின்னால் பி.டி. அறை மெத்தை. நான் ஓடி வந்து, பெஞ்சின் நுனியில் ஒற்றைக் காலைக் காற்றில் நீட்டி, டையைச் சரிசெய்து, கீழே பார்த்து, விழ வேண்டும். ஜெனிட்டா கிளாரினெட்டின் வாய்ப்பகுதியை மட்டும் தனியாகக் கழற்றி வைத்திருக்கிறாள். அதை ஊதிக்கொண்டே நுனியை உள்ளங்கையால் மூடினால் 'பீஈஈயூ' என்று சத்தம் மேலிருந்து கீழே இறங்குகிறது. நான் விழுந்ததும் தாம்பாளத்தில் ஒரு 'டங்'. அதைத் தட்டுவதற்குக் கட்டுப்போட்ட கையின் முழங்கையைப் பயன்படுத்துகிறாள். திறமைசாலிதான்.

நான் விழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை. மறுபடி விழுந்தேன். கோமதி கொட்டாவி விட்டாள்.

அப்போதுதான் ஜெனிட்டா வாயைத் திறந்தாள். ஆனால் டீச்சரிடம்.

"டீச்சர், அவள விழச் சொல்லுங்க டீச்சர். பந்தியில சாப்பிட உக்காருத மாதிரி இருக்கு."

இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். லீவுக்கு முன்னால் பேசியதற்குப் பிறகு என்னைப் பற்றி அவள் சொன்ன முதல் வாக்கியம் இது. 'அவள' என்றது என்னைத்தான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

கார்ட்டூனை யோசித்துப் பார்த்ததில் இன்னும் சில விதிகள் புரிகின்றன. விழுகிறவர் பிறருக்குக் கெடுதல் செய்யக் கிளம்பியவராக இருக்க வேண்டும். நரி குழி வெட்டுகிறது, நரியே விழுகிறது. ஆமை ஒரு தடவைகூட விழவில்லை. அப்புறம், விழுவதற்கு முன் நரி நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. 'பார்த்தீர்களா என் நிலைமையை' என்பது போல. அதாவது சிரிக்க நமக்கு அனுமதி கொடுக்கிறது. மிக முக்கியமானது: எவ்வளவு நசுங்கி அப்பளமாகப் போனாலும் அடுத்த காட்சியில் நரி முழுசாக வந்துவிடும். கட்டு, பிளாஸ்திரி எதுவும் இருக்காது.

ஜெனிட்டா யாருக்கும் குழி வெட்டவில்லை. செய்தித்தாளோடு வந்தாள். விழும் முன் யாரையும் பார்க்கவில்லை. அடுத்த காட்சி வந்து, பொங்கலும் போய்விட்டது. கட்டு இன்னும் இருக்கிறது. எந்த விதிப்படியும் அது சிரிப்பதற்கான விழுதல் இல்லை.

ஆனாலும் பள்ளிக்கூடம் சிரித்தது. என் வாயும் திறந்திருந்தது என்பது உண்மைதான். திறந்த வாயெல்லாம் சிரிப்பு ஆகாது.

வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அவள் கேக் கொண்டுவருவாள். பொங்கலுக்குக் கரும்பு வாங்க எங்கள் வீட்டுக்கு வருவாள். இந்த வருடம் அவள் பங்கு கரும்பு சமையலறை மூலையில் சாய்ந்தே கிடந்து காய்ந்துவிட்டது. அம்மா இன்று அதை ஒட்டடை அடிக்க எடுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 4, புதன்

ஒத்திகை முடிந்து கோமதியோடு நடந்து வந்தேன். ஆமை ஓடாக ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடையை முதுகில் கட்டியிருந்தாள். கழற்ற மனமில்லையாம்.

"அக்கா, ஜெனிட்டாக்கா ஏன் ஒங்ககூட டூ?"

"தெரியல. பள்ளிக்கூடமே சிரிச்சது, எங்கிட்ட மட்டும் கோபம்."

"இல்லக்கா. மொதல்ல ஸ்பீக்கர்ல ஒரு சிரிப்பு கேட்டுச்சு. அதுக்கப்புறந்தான் நாங்கல்லாம் சிரிச்சோம். நீங்கதானக்கா கொறள் சொல்லிட்டு மைக் முன்னாடி நின்னீங்க?"

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தேவையில்லாததை எல்லாம் கவனிக்கிறார்கள்.

ஒலிபெருக்கி ஒலியைப் பெரிதாக்கும். இல்லாத ஒலியை உண்டாக்காது. இது பாடத்திலேயே இருக்கிறது. இதை எழுதிய பிறகுதான் எனக்கு எதிரான பாடம் என்று தெரிகிறது. அழிக்க முடியாது, பேனாவில் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று பெரிய கண்டுபிடிப்பு. மதிய இடைவேளையில் டீச்சரிடம் கேட்டுக் கார்ட்டூனை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நரி விழுவதால் சத்தம் வருகிறது என்று நினைத்திருந்தோம். தப்பு. நரி காற்றில் நிற்கும்போதே ஊதல் ஆரம்பித்துவிடுகிறது. ஊதல் வந்த பிறகுதான் கீழே பார்க்கிறது. சத்தம் முதலில், விழுதல் பிறகு. சத்தம் வந்துவிட்டால் நரிக்கு வேறு வழியே இல்லை.

ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் என் விதிகளை எல்லாம் சொல்லி, கடைசியில் இதையும் சொன்னேன். "அதனால ஊதல் வரலேன்னா நான் விழ மாட்டேன். வந்தா எங்க நின்னாலும் விழணும். அதான் விதி."

ஜெனிட்டா கிளாரினெட் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டாள். "டீச்சர், அப்போ ஊதுறவங்கதான் முடிவு பண்ணணுமா டீச்சர்?"

"ஆமாம்மா."

"எங்க நின்னாலும் விழுவாளா டீச்சர்?"

"அவதான சொல்லுதா."

ஜெனிட்டா வாய்ப்பகுதியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னொரு தடவை துடைத்தாள். தொழிலில் இவ்வளவு அக்கறை இருப்பது நல்லதுதான். விழாவில் அவளுக்குத் தனி மைக் தரப்போகிறார்கள்.

பிப்ரவரி 9, திங்கள்

முருங்கைக்கீரைப் பொரியல். ராத்திரிக்கு முருங்கைக்கீரை அடை. அப்பா, "எனக்கும் ரத்தம் இல்லன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

பிப்ரவரி 11, புதன்

அப்பா கடலைமிட்டாய்க் கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் கேட்டு நல்ல பதத்தில் ஒரு கடலைமிட்டாய் வாங்கி, வண்ணத்தாளில் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, காலையில் யாரும் வருவதற்குள் ஜெனிட்டாவின் இடத்தில் வைத்தேன். எந்த உள்நோக்கமும் இல்லை. சத்தக்குழுவை ஊக்கப்படுத்தலாம் என்றுதான்.

கார்ட்டூனில் ரிப்பன் கட்டிய பரிசுப் பெட்டிக்கு ஒரே ஒரு பயன்தான் என்பதை மறந்துவிட்டேன்.

ஜெனிட்டா வந்தாள். பார்த்தாள். இரண்டு எட்டு பின்னால் போனாள். ஸ்கேலை எடுத்து, கையை முழுசாக நீட்டி, தள்ளி நின்று அதை ஒரு குத்து குத்தினாள். காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்தாள். வகுப்பு முழுவதும் காதைப் பொத்தியது. ஒன்றும் ஆகவில்லை. ஸ்கேல் நுனியாலேயே அதைத் தள்ளிக்கொண்டே வாசல் வரை வந்து, அந்தப் பக்கம் போன கோமதியிடம், "இந்தா, தின்னு பாரு" என்றாள்.

கோமதி தின்றாள். "வெடிக்கலக்கா" என்றாள், வாய் நிறைய.

வகுப்பே புரண்டு புரண்டு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். நன்றாகவே செய்தாள். சிரித்துக்கொண்டே திரும்பினால், அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஆனால் பார்த்தாள். விழும் முன் நரி பார்ப்பது போல இல்லை. இது எந்த வகைப் பார்வை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

நன்றியுரை மனப்பாடம். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். 'பேரன்பிற்குரிய' என்னும்போது வால் ஆடாமல் இருக்கிறது.

ஜெனிட்டா கட்டைப் பிரித்துவிட்டாள்.

பிப்ரவரி 14, சனி

எழுத உட்கார்ந்தால் முட்டி மடக்க முடியவில்லை. ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன்.

அம்மாவும் அப்பாவும் மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். அம்மா பட்டுச்சேலை. பக்கத்து வீட்டு ஆட்களையும் கூட்டி வந்திருந்தாள். மேடையின் ஓரத்தில் ஜெனிட்டா, தாம்பாளம், கிளாரினெட் வாய், தனி மைக்.

நான் டையும் வாலுமாக ஓடி வந்து பெஞ்சில் ஏறினேன். ஒற்றைக் காலை நீட்டினேன். டையைச் சரிசெய்தேன். ஊதலுக்காகக் காத்திருந்தேன். ஊதல் வரவில்லை.

ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்பது? இன்னொரு தடவை டையைச் சரிசெய்தேன். அரங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மீசையைத் தடவினேன். வாலைத் தட்டிவிட்டேன். சிரிப்பு கூடியது. வேறு வழியில்லாமல் கூட்டத்தைப் பார்த்தேன், 'பார்த்தீர்களா என் நிலைமையை' என்று. நடித்தேன் என்று சொல்ல முடியாது. அப்போது வந்தது, பீஈஈயூ!

கீழே பார்த்தேன். கை முன்னால் போகவே இல்லை. பலகையாக விழுந்தேன். டங்!

"ஏங்க! எம்புள்ள! எம்புள்ள மயங்கிட்டா!"

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். கையில் தண்ணீர் பாட்டில். "நாஞ் சொன்னேன்ல, ரத்தம் இல்லன்னு!" அப்பா சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அரங்கம் அதிர்ந்தது. இதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

அம்மாவுக்குத் தெரியட்டும் என்று துள்ளி எழுந்து, பெஞ்சுக்கு முன்னால் வந்து வாலை ஆட்டினேன். பீஈஈயூ! இது ஒத்திகையில் இல்லை. ஓரத்தில் திரும்பிப் பார்த்தேன். ஜெனிட்டா கன்னம் இரண்டும் உப்ப, கண் மட்டும் பளபளக்க நின்றாள். மெத்தை அந்தப் பக்கம் இருந்தது, நான் இந்தப் பக்கம். ஆனால் விதியைச் சொன்னது நான்தானே? விழுந்தேன். டங்!

எழுந்தேன். பீஈயூ. டங்! தவழ்ந்துபோய்க் கடலைமிட்டாய்த் தட்டைத் தொடப் போனேன். பீயூ. டங்! கோமதி அன்னக்கூடைக்குள் தலையை இழுத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆமை சிரிக்கக் கூடாது, ஆனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் ஊதல் இன்னும் குட்டியாக வந்தது. கடைசியில் வெறும் 'பீ' என்றாள். அதற்கும் விழுந்தேன். பேச்சுப்போட்டியில் நான் வாங்கிய கைதட்டு எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு இருக்காது.

திரை மூடியது. அடுத்து நன்றியுரை. வாலைக் கழற்ற நேரமில்லை. மைக் முன்னால் போய் நின்றேன். அதே மைக், அதே இடம். காலடியில் அதே வயர்.

"பேரன்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர்களே…"

பீஈஈஈஈயூ.

ரொம்ப மெதுவாக, மேலே எங்கிருந்தோ ஆரம்பித்து, நிதானமாக இறங்கியது. அரங்கம் சட்டென்று அமைதியானது. தலைமையாசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அருள்மணி டீச்சர் திரை ஓரத்தில் நின்று, 'வேண்டாம்' என்று கை காட்டினார். எனக்கா, ஜெனிட்டாவுக்கா, தெரியவில்லை.

நான் நின்றுகொண்டே இருந்தேன். கீழே பார்க்காமல் இருந்தால் விழ வேண்டியதில்லை. விதி ஒன்று. 'நன்றி' என்று முடித்துவிட்டுப் போகலாம். பள்ளிக்கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெனிட்டா கிளாரினெட் வாயைக் கீழே இறக்கிவிட்டாள். அவள் முகத்தில் குறும்பு இல்லை. சும்மா காத்திருந்தாள்.

நான் அவளைத்தான் பார்த்தேன், கூட்டத்தை இல்லை. அப்புறம் கீழே பார்த்தேன்.

விழுந்தபோது வயரும் காலில் மாட்டியது, அதைத் திட்டமிடவில்லை. மைக் ஸ்டாண்டோடு சேர்ந்து விழுந்தேன். முட்டி தரையில் நன்றாக இடித்தது.

முதலில் ஸ்பீக்கரில் ஒரு சிரிப்பு கேட்டது. ஒரே ஒரு சிரிப்பு. மூக்கால் ஆரம்பித்து, பன்றிக்குட்டி மாதிரி ஒரு உறுமல் போட்டு, மூச்சு வாங்கி, மறுபடி உறுமும் சிரிப்பு. மூன்றாம் வகுப்பிலிருந்து எனக்கு அது தெரியும். தனி மைக் போட்டிருந்தார்கள் அல்லவா? அதற்கப்புறம்தான் பள்ளிக்கூடம் சிரித்தது.

டங், என்றது தாம்பாளம். தாமதமாக.

பிப்ரவரி 15, ஞாயிறு

அம்மா டானிக்கை நிறுத்திவிட்டாள். என்னோடு பேசுவதையும் மதியம் வரை நிறுத்தியிருந்தாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அதெல்லாம் சும்மா விழுறது இல்ல. ஒரு மாசமாப் பயிற்சி எடுத்தா. நாந்தான் கூடவே இருந்து பாத்துக்கிட்டேன்."

பிப்ரவரி 16, திங்கள்

முட்டியில் கட்டோடு நொண்டிக்கொண்டே வகுப்புக்குள் போனேன். என் புத்தகப் பையை வைக்கப் போனால் பக்கத்து இடத்தில் இடமில்லை. வேறொரு பை இருந்தது. பக்கத்தில் அதன் சொந்தக்காரி.

"ஏட்டி, அடுத்த காட்சில கட்டு இருக்கக் கூடாதே. ஒன் விதி என்னாச்சு?" என்றாள்.

"அது கார்ட்டூனுக்கு மட்டும்."

"காட்டு."

பேனாவை எடுத்தாள். என் முட்டிக் கட்டின்மேல் டை கட்டிய ஒரு நரியை வரைந்தாள். நரி கீழே பார்க்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வாலில் ஒரு தவறு இருந்தது. சொல்லவில்லை.

மணி அடித்தது. கணக்கு டீச்சர் உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்தோம். என் காதுக்குப் பக்கத்தில், உதட்டாலேயே, ரொம்பச் சின்னதாக வந்தது:

"பீஈயூ."